பானை வியர்க்கிறது, ஊறுகாய் ஜாடி ஏன் வியர்ப்பதில்லை?

சித்தூரிலிருந்து பெங்களூரு போகும் வழியில் பலமனேர். சுடுமண் பாண்டங்களுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு பானை வாங்கித் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வெளிப்புறம் மெல்ல ஈரமாகும். வீட்டு ஜாடியிலோ வருஷம் முழுக்க ஊறுகாய் கிடந்தாலும் பொட்டு ஈரம் வெளியே தெரியாது. இரண்டும் மண்தானே?

வித்தியாசம் முக்கியமாகச் சூளையில்.

பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பொரிகள் தொடும் இடத்தில் மட்டும் பாகு ஒட்டும், நடுவில் சந்து. பானையும் அப்படித்தான். சுமார் 1,000 டிகிரி செல்சியஸுக்குள் சுடுவதால் துகள்கள் ஓரங்களில் மட்டும் ஒட்டுகின்றன. சந்து வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துப்போகிறது. பானைத் தண்ணீர் சில்லென்றிருப்பது அதனால்தான்.

ஜாடி 1,200 டிகிரி வரை, அதற்கு மேலும் சுடப்படுகிறது. மண்ணிலுள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் உருகிக் கண்ணாடிப் பாகாகிச் சந்துகளை அடைக்கிறது. இதுதான் ஸ்டோன்வேர்.

பானையையும் அப்படிச் சுட்டால்? பானை மண்ணில் இரும்பு அதிகம். சீக்கிரமே இளகி, சூளையிலேயே குழைந்து உட்கார்ந்துவிடும்.

ஜாடியின் பளபளக்கும் மேல்பூச்சும் உருகிய கண்ணாடிதான். டென்மார்க்கின் மட்பாண்டக் கலைஞர் ஆக்ஸல் சால்ட்டோ (1889–1961) மொட்டும் முளையும் புடைத்த ஜாடிகள் செய்தார். பூச்சு முகடுகளில் வழிந்து மெலியும், பள்ளங்களில் தேங்கி அடர்நிறமாகும். மனோகரத்தில் வெல்லப்பாகு தேங்குமே, அதுபோல. சேகரிப்பாளர்கள் பணத்தைக் கொட்டுவது இந்த அழகுக்குத்தான்!

நம் பக்கம் ஸ்டோன்வேர் பார்க்க வேண்டுமா? புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி இருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை: கழுவிக் காயவைத்த பானை ஓட்டுத் துண்டை நாக்கு நுனியில் வையுங்கள். ஒட்டும். ஜாடி ஓடு ஒட்டாது.