பட்ஜெட்டை மக்களே போட்ட ஊர்: போர்ட்டோ அலெக்ரே சொல்ற பாடம்

ஜனநாயகம்னு சொன்னதும் நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது விரல்ல வைக்கிற மை. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுப் போடுறோம், வீட்டுக்கு வந்துடுறோம். அதுக்கு நடுவுல நம்ம வரிப்பணம் எந்தத் தெருவுக்குப் போகணும்னு சாதாரண ஜனங்க முடிவு பண்ண முடியுமா? முடியும்னு ஒரு ஊர் செஞ்சு காட்டுச்சு. அப்புறம் அதே ஊர் அதைக் கைநழுவவும் விட்டுச்சு. இன்னைக்கு அந்த ரெண்டு பாதியையும் பேசப் போறேன்.

ஊர் பேரு போர்ட்டோ அலெக்ரே. பிரேசிலோட தெற்குக் கோடியில, ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தின் தலைநகரம். சுமார் 13 லட்சம் மக்கள். பிரேசில்ல 1964 முதல் 1985 வரைக்கும் ராணுவ ஆட்சி. அது முடிஞ்சு 1988ல வந்த புது அரசியல் சாசனம், நகர நிர்வாகங்களுக்குக் கூடுதல் அதிகாரமும் வருமானமும் கொடுத்துச்சு. அதே வருஷம் நடந்த தேர்தல்ல தொழிலாளர் கட்சி ஜெயிச்சு, வங்கி ஊழியர் சங்கத் தலைவரா இருந்த ஒலிவியோ டுத்ரா மேயர் ஆனார். நகரத்தோட ஓரத்துல இருந்த ஏழைக் குடியிருப்புகள்ல பல இடத்துல குழாய்த் தண்ணி கிடையாது, சாக்கடை கிடையாது, தார் ரோடு கிடையாது. பட்ஜெட்ல எங்களுக்கும் பேச்சு வேணும்னு குடியிருப்போர் சங்கங்கள் ஏற்கெனவே கேட்டுட்டு இருந்தாங்க. 1989ல அது நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்குப் பேரு பங்கேற்பு பட்ஜெட்.

எப்படி வேலை செஞ்சுதுன்னு பார்ப்போம். ஊரை 16 பகுதியா பிரிச்சாங்க. ஒவ்வொரு பகுதியிலயும் வருஷா வருஷம் கூட்டம். அந்தப் பகுதியில குடியிருக்கிற யார் வேணாலும் வரலாம், பேசலாம், கை தூக்கலாம். போன வருஷம் ஒத்துக்கிட்ட வேலைகள் என்ன ஆச்சுன்னு நகர நிர்வாகம் அங்க வந்து நேர்ல கணக்கு சொல்லணும். அப்புறம்தான் இந்த வருஷம் எது முதல்ல வேணும்னு மக்கள் வரிசைப்படுத்துவாங்க: சாக்கடையா, ரோடா, வீடா, பள்ளிக்கூடமா? அதுக்கப்புறம் பகுதிக்கு ரெண்டு பேர்னு தேர்ந்தெடுத்து ஒரு நகர அளவிலான பட்ஜெட் குழுவுக்கு அனுப்புவாங்க. சம்பளம் மாதிரி தவிர்க்க முடியாத செலவு போக, புது வேலைகளுக்கு மிச்சம் இருக்கிற பணத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னு அந்தக் குழு முடிவு பண்ணும்.

பிரிக்கிறதுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. ஒரு பகுதியில எத்தனை பேர் இருக்காங்க, அந்த வசதி அங்க எவ்வளவு குறைவா இருக்கு, அந்த மக்கள் அதை எத்தனாவது இடத்துல வச்சாங்க. மூணுக்கும் மார்க். அதனால ஒண்ணுமே இல்லாத பகுதிக்கு இயல்பாவே அதிகம் போகும்.

இது உடனே ஹிட் ஆகலை. ஆரம்பத்துல நிர்வாகத்துகிட்ட பணமே இல்லை, வருமானத்துல பெரும்பகுதி சம்பளத்துக்கே போயிடுச்சு. முதல் வருஷம் கேட்ட வேலைகள் நடக்கலை. 1990ல கூட்டங்களுக்கு வந்தவங்க ஆயிரம் பேர்கூட இல்லை. அப்புறம் சொத்து வரியைச் சீர்படுத்தினாங்க, வருமானம் வந்துச்சு, கேட்ட ரோடு கண்ணு முன்னாடி வந்துச்சு. ஒரு தெருவுக்கு வேலை நடந்ததைப் பார்த்து அடுத்த தெருக்காரங்க வந்தாங்க. 90கள் முடியுறப்போ வருஷத்துக்கு பல்லாயிரம் பேர்.

உலக வங்கி சொல்ற கணக்குப்படி, தண்ணி, சாக்கடை இணைப்பு இருந்த வீடுகள் 1988ல 75 சதவீதம், 1997ல 98 சதவீதம். பிரேசில்ல இந்த முறையைக் கொண்டுவந்த மற்ற ஊர்களை வச்சு 2014ல ஒரு ஆய்வு வந்துச்சு. அந்த ஊர்கள்ல சுகாதாரத்துக்கும் கழிவுநீர் வசதிக்கும் செலவு கூடியிருக்கு, குழந்தை இறப்பு குறைஞ்சிருக்கு. கூட்டத்துல கை தூக்குறதுக்கும் ஒரு குழந்தை உயிரோட இருக்கிறதுக்கும் சம்பந்தம் இருக்குங்க.

யார் வந்தாங்கங்கிறது இன்னும் முக்கியம். பொதுவா இப்படிக் கூட்டம்னா படிச்சவங்க, வசதியானவங்க, ஆம்பளைங்க குரல்தான் கேட்கும். இங்க வருமானமும் படிப்பும் குறைஞ்சவங்க நிறைய வந்தாங்க, பெண்களும் பெருமளவுல வந்தாங்க. குறையும் உண்டு. பரம ஏழைகளும் இளைஞர்களும் குறைவாத்தான் வந்தாங்கன்னு 2008ல உலக வங்கி அறிக்கையே சொல்லுது.

இப்போ ரெண்டாவது பாதி. 16 வருஷ ஆட்சிக்குப் பிறகு 2004ல தொழிலாளர் கட்சி தோத்துச்சு. புதுசா வந்தவங்க பங்கேற்பு பட்ஜெட்டை எடுத்துட மாட்டோம்னு சொல்லித்தான் ஓட்டு கேட்டாங்க. எடுக்கவும் இல்லை. கூட்டம் நடந்துச்சு, மக்களும் வந்தாங்க. ஆனா கூட்டத்துல முடிவான வேலைகள் நடக்காம வருஷக் கணக்குல தேங்க ஆரம்பிச்சுது. 2017ல கூட்டங்களையே நிறுத்தி வச்சுட்டாங்க. இதை எதிர்த்துக் கேட்க சட்டத்துல பிடி இல்லை. விதிகளை மக்களே வருஷா வருஷம் மாத்திக்கணும்னு, இதை ஆரம்பத்துலயே சட்டமாக்காம விட்டிருந்தாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா மேயர் மனசு வச்சா நடக்கும், இல்லைன்னா இல்லைங்கிற நிலைமை வந்துச்சு.

இதுக்குள்ள நியூயார்க், பாரிஸ்னு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஊர்கள் இதே பேர்ல திட்டம் கொண்டுவந்துட்டாங்க. பல இடத்துல அது பட்ஜெட்ல ஒரு சின்னத் துண்டுதான்.

எனக்கு இதுல தெரியுறது இதுதான். எல்லாரையும் கூப்பிடுறது பாதி வேலை. போன தடவை சொன்னதுக்குக் கணக்கு சொல்றது மீதி வேலை. ரெண்டாவது இல்லைன்னா முதலாவது வெறும் கூட்டம். "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்"னு யாராவது உங்களைக் கூப்பிட்டா தாராளமா போங்க. போய் மூணு கேள்வி கேளுங்க. இதுல எவ்வளவு பணம் எங்க முடிவுக்கு இருக்கு? நாங்க சொன்னதைச் செய்யலைன்னா யார் பதில் சொல்லணும்? அடுத்த ஆட்சி வந்தாலும் இது தொடரும்னு எதுல எழுதியிருக்கு?

உங்க ஏரியாவுல இப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தா, அங்க என்ன நடந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.