பதிப்பு எண் மாறினால் பழைய நிரல் என்னாகும்?

பைதான் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பில் ‘தமிழ்’ என்று எழுதி, அதன் நீளம் எவ்வளவு என்று கேட்டால் 15 என்று பதில் வரும். பைதான் 3-இல் கேட்டால் 5. நமக்கோ அது மூன்றெழுத்து. பழைய பைதான் எண்ணியது, யுடிஎஃப்-8 முறையில் அந்தச் சொல் பிடிக்கும் பைட்டுகளை. புதியது யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது. இகரக் குறியும் மெய்ப்புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ஐந்து. (மூன்று என்று சரியாகச் சொல்ல ‘ஓப்பன் தமிழ்’ போன்ற நிரல் நூலகம் வேண்டும்.)

ஆங்கிலம் தவிர்த்த மொழிகளுக்கு இது அவசியமான திருத்தம்தான். ஆனால், பழைய நிரல்கள் பல அப்படியே ஓடாது என்று தெரிந்தே 2008 டிசம்பரில் பைதான் 3.0 வெளியிடப்பட்டது. பிரின்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமானது. இதையெல்லாம் சமாளித்துவிடலாம், பிழை காட்டி நிரல் நின்றுவிடும், திருத்திக்கொள்ளலாம். வகுத்தல்தான் வம்பு. 3-ஐ 2-ஆல் வகுத்தால் முன்பு 1, இப்போது 1.5. நிரல் நிற்காது, பிழையும் காட்டாது. விடை மட்டும் சத்தமில்லாமல் மாறியிருக்கும்.

ஒரு நிரல் பத்து நூலகங்களை நம்பியிருக்கும். அவை ஒவ்வொன்றும் வேறு சிலவற்றை. ‘நீங்கள் மாறுங்கள், பிறகு நாங்கள் வருகிறோம்’ என்று ஆளுக்கு ஆள் காத்திருந்தார்கள். 2015-இல் நிறுத்துவதாக இருந்த பைதான் 2.7-க்கான ஆதரவு, 2014-இல் மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கப்பட்டு, 2020 ஜனவரி 1-இல்தான் முடிவுக்கு வந்தது.

முடிச்சை அவிழ்க்க உதவியது ஒரு சின்ன விட்டுக்கொடுத்தல். பைதான் 2-இல் சரத்துக்கு, அதாவது எழுத்துத் தொடருக்கு, முன்னால் ‘யு’ என்ற எழுத்தை இட்டால் அது யூனிகோடாகக் கருதப்படும். எல்லாச் சரமும் யூனிகோடு ஆன பிறகு அது எதற்கு என்று 3.0-இல் தூக்கிவிட்டார்கள். விளைவு, அந்த எழுத்து இருந்த ஒவ்வொரு வரியும் பிழையானது. 2012-இல் வந்த 3.3-இல் அதைத் திரும்பச் சேர்த்தார்கள். புதிய பதிப்பில் அதற்கு வேலை எதுவும் இல்லை. ஒரே கோப்பு இரண்டு பதிப்பிலும் ஓடட்டும் என்பதற்காக மட்டுமே அது வந்தது. 2, 3 என்ற பதிப்பு எண்களைப் பெருக்கினால் ஆறு என்று பெயர் வைக்கப்பட்ட ‘சிக்ஸ்’ நூலகமும் இதே வேலையைச் செய்தது. என் கணிப்பில், பைதான் குழுவின் தவறு மாற்றம் கொண்டுவந்ததில் இல்லை; இடைக்காலத்தில் இரண்டு கரையிலும் கால் வைக்க வழி விடாததில்தான்.

வழி விடுவதும் இலவசமில்லை. பழைய பதிப்பைத் தாங்கும் வரை ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்தையும் இரண்டு முறை செய்ய வேண்டும். கட்டற்ற மென்பொருளில் அதைச் செய்பவர்களில் பலர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்தாகப் பலரும் கையாள்வது மூன்று எண் முறை. பழையதை உடைக்கும் மாற்றம் என்றால் முதல் எண் கூடும், புதிய வசதி என்றால் நடு எண், பிழைத்திருத்தம் என்றால் கடைசி எண். காகிதத்தில் கச்சிதம். நடைமுறையில், ஒருவர் திருத்திய பிழையை நம்பியே இன்னொருவர் நிரல் எழுதியிருப்பார்.

லினக்ஸ் வேறு கட்சி. அதன் கருவான கெர்னலை மாற்றினாலும் அதன்மேல் ஓடும் பயனர் நிரல் உடையக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கறார். 2011-இல் 2.6.39-க்குப் பிறகு 3.0 என்று பெயரிட்டபோதும் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. எண் நீண்டுகொண்டே போனதுதான் காரணம். அப்படியும், எண் ‘2.6’ என்று தொடங்கும் என நம்பியிருந்த சில நிரல்கள் தடுமாறின. அவற்றுக்கு மட்டும் தன்னை 2.6.40 என்று காட்டிக்கொள்ளும் மாறுவேடத்தைக் கெர்னலிலேயே சேர்க்க வேண்டியதாயிற்று. 2021-இல் பைதான் 3.10 வந்தபோதும் இதே கதை: முதல் மூன்று குறிகளை மட்டும் படித்த நிரல்கள் அதை 3.1 என்று புரிந்துகொண்டன.

இப்போது பைதான் ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. எதையாவது நீக்குவதென்றால், பொதுவாகக் குறைந்தது இரண்டு பதிப்புகளிலாவது எச்சரித்துவிட்டே நீக்குகிறார்கள். நூலகங்களைப் பொதிகளாக்கி நிறுவ உதவிய ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ 3.10-இல் எச்சரிக்கை பெற்று, 2023-இல் 3.12-இல் விடைபெற்றது. ஆனால், நாம் நேரடியாக ஓட்டும் கோப்பில் எழும் எச்சரிக்கைதான் இயல்பாகத் திரையில் தெரியும். நூலகத்துக்குள் எழுவது மறைக்கப்பட்டுவிடும். சோதனை ஓட்டத்தின்போது காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.