உப்புக்காற்றில் வாடகை வீடு: யார் பார்த்துக்கொள்வது?

மரக்காணத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் உப்பளப் பாத்திகள் நீரில் மூழ்கி வேலை நின்றுவிடும். உப்புக்காற்று மட்டும் ஆண்டு முழுவதும் வீசிக்கொண்டிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி வீடு கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு, சென்னையிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்கு இதுதான் முதல் சிக்கல்.

முதலில் சன்னல் கம்பியில் செம்பழுப்புக் கறை தெரியும். பிறகு கூரையின் அடிப்பக்கத்தில் மயிரிழை போல விரிசல் ஓடும். காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் பூச்சு வெடித்து, பாளம் பாளமாக உதிர்கிறது. கறை தெரிந்த நாளிலேயே சுரண்டி, பூசி, வர்ணம் அடித்தால் சின்னச் செலவோடு முடியும். இரண்டு வருடம் கழித்து வந்து பார்த்தால் கூரையையே உடைக்க வேண்டியிருக்கும்.

புயல் வேறு. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல். 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல். மறுநாள் காலை மொட்டைமாடித் தண்ணீர் வடிந்ததா, மீட்டர் பெட்டி நனைந்ததா என்று பார்க்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும்.

வழக்கமாக அந்த ஆள் ஒரு காவலாளியாகவோ தூரத்து உறவினராகவோ இருப்பார். நம்பிக்கையானவர்தான். ஆனால் ஒப்பந்தப் பதிவு, வரிப் பிடித்தம், பழுதுக் கணக்கு எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. முறையாகச் சம்பளமோ கட்டணமோ பேசி ஒரு சொத்து மேலாளரை வைப்பது இந்த இடத்தில்தான் பொருளுள்ளதாகிறது.

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர் சார்பில் செயல்படும் சொத்து மேலாளரை அது அங்கீகரிக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும் என்றும் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை, குடியிருப்பவரிடம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸுக்குப் பழகிய ஊரில் இதைத் தெரிந்து நடக்கும் மேலாளர், பின்னால் வரும் தகராறுகளைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுவார்.

உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இன்னொன்றும் உண்டு. வாடகையில் செஸ் உட்படப் பொதுவாக 31.2 சதவீத வரியைக் குடியிருப்பவரே பிடித்து, அரசுக்குக் கட்ட வேண்டும். இது பல குடித்தனக்காரர்களுக்குத் தெரியாது. நல்ல மேலாளர் முதல் மாத வாடகைக்கு முன்பே இதைச் சொல்லி, ஒரு ஆடிட்டரோடு சேர்த்துவிடுவார்.

வேலையை ஒப்படைக்கலாம், சொத்தை ஒப்படைக்கக் கூடாது. வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு விற்கும் அதிகாரம் எதற்கு? பொது அதிகாரப் பத்திரத்துக்குப் பதிலாக, வாடகைக்கு விடுதல், பழுதுபார்த்தல், அரசு அலுவலகங்களில் ஆஜராதல் என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுதிய சிறப்பு அதிகாரப் பத்திரமே போதும். வெளிநாட்டில் கையெழுத்திட்டால் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். வாடகைப் பணம் நேராக உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே வரட்டும். எவ்வளவு ரூபாய் வரை கேட்காமல் பழுது பார்க்கலாம் என்ற வரம்பையும், பழுதுக்கு முன்னும் பின்னும் படம் அனுப்ப வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.

பெரிய நிறுவனம் என்பதாலேயே நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2015-இல் பெங்களூரில் தொடங்கி, உரிமையாளர்களின் வீடுகளைப் பொறுப்பேற்று நிர்வகித்து வாடகைக்கு விட்ட நெஸ்ட்அவே நிறுவனம், 2023-இல் ஆரம் பிராப்டெக் நிறுவனத்தின் கைக்கு மாறியது. நிறுவனம் கைமாறினாலோ ஒப்பந்தம் முறிந்தாலோ சாவி, குடியிருப்பவரின் ஒப்பந்தம், முன்பணக் கணக்கு, மின் இணைப்பு விவரம் எல்லாம் எத்தனை நாளில் உரிமையாளர் கைக்கு வர வேண்டும் என்பதை முதல் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும்.