பட்டை அறுந்த பின் எஞ்சின் ஏன் முரண்டுகிறது?

கனடா போன்ற பனி நாடுகளில் ஓடும் பனி ஊர்திகளில் கியர் பெட்டிக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும், அவற்றை இணைக்கும் ரப்பர் பட்டையும் உண்டு. எஞ்சினின் வேகம் கூடும்போது மைய விலக்கு விசையால் முதற் கப்பியின் தட்டுகள் நெருங்குகின்றன. பட்டை மேலேறி, ஊர்தி விரைகிறது.

ஓட்டத்தில் பட்டை அறுந்தால் என்ன ஆகும்? சுமை திடீரென நீங்குவதால் எஞ்சினின் சுழற்சி எகிறும். அறுந்த பட்டை சாட்டைபோல் அடித்து, அருகிலுள்ள கம்பிகளையும் நீர்க் குழாய்களையும் சேதப்படுத்தலாம்.

புதுப் பட்டை மாட்டியும் கோளாறு தீரவில்லையா? எஞ்சினை நிறுத்திவிட்டு, முதலில் கப்பியைப் பாருங்கள். துணுக்குகள் சிக்கித் தட்டுகள் விரியாமற் போனால், எஞ்சின் மெதுவாக ஓடும்போதே பட்டை இறுகும். ஊர்தி தானே நகரும் அல்லது எஞ்சின் நின்றுவிடும்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. அறுந்த நூலிழைகள் கப்பியின் பின்புறம் அச்சில் சுற்றிக்கொண்டு, அங்குள்ள எண்ணெய்த் தடுப்பு வளையத்தைக் கெடுக்கக்கூடும். இரு வீச்சு எஞ்சினில் அவ்வழியே காற்று உள்ளே புகுந்தால், கலவையில் எரிபொருளின் விகிதம் குறையும். வெப்பம் மிகுந்து பிஸ்டன் உருளையில் இறுகிவிடலாம்.

இதற்கு அறிகுறி உண்டா? உண்டு. விசையை விட்ட பிறகும் எஞ்சினின் வேகம் தணியாது. அப்போது தொடர்ந்து ஓட்டலாகாது. உறைபனி வெளியில் எஞ்சின் நின்றால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து.