தலைகீழாய் ஒரு கங்கா ஸ்நானம்

ரிஷிகேஷில் குளிர்காலக் கயாக் பயணம்: ஆளுக்கொரு படகு, ஆனால் தனியாக யாரும் இல்லை

கங்கையில் முங்கி எழுந்தால் பாவம் போகும் என்று நம்புகிறவர்கள் கோடிக்கணக்கில். தலைகுப்புறக் கவிழ்ந்து எழுவதற்கென்றே அங்கு வருகிறவர்கள் தனி ரகம். ரிஷிகேஷிலிருந்து சுமார் 16 கி.மீ. தள்ளியிருக்கும் சிவபுரியில், டிசம்பர், ஜனவரி மாதக் காலைகளில் அவர்களைப் பார்க்கலாம். ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், உடலோடு ஒட்டிய ரப்பர் உடை. இடுப்பைச் சுற்றிப் பாவாடை போல ஒரு விரிப்பு. படகுக்குள் தண்ணீர் புகாமல் தடுப்பது அதுதான்.

ரிஷிகேஷில் பிரபலமான ராஃப்டில் பலர் உட்கார்ந்து, வழிகாட்டி சொல்கிறபடி துடுப்புப் போட்டால் போதும். கயாக்கில் அந்தச் சலுகை கிடையாது. ஓர் ஆள், ஒரு படகு, இரு முனையிலும் தகடு கொண்ட துடுப்பு. கவிழ்ந்தால் தலை தண்ணீருக்குள், கால் படகுக்குள். இடுப்பை வெட்டித் துடுப்பை வீசி நிமிர வேண்டும். 'எஸ்கிமோ ரோல்' என்ற இந்த வித்தை, ஆர்க்டிக் கடலில் சீல் வேட்டையாடிய இனுயிட் மக்களுக்கு விளையாட்டு அல்ல. உயிரோடு வீடு திரும்பும் வழி.

மழைக்காலத்தில் சீறும் கங்கை, குளிர்காலத்தில் வற்றி, பச்சையாகத் தெளிந்து, சாதுவாகத் தெரியும். நம்பக்கூடாது. நீர் குறைந்தால் பாறைகள் தலைகாட்டும். மேலே பாகீரதியில், 2006 முதல் மின்சாரம் தரும் 260.5 மீட்டர் உயர டெஹ்ரி அணை. திறந்துவிடும் நீரைப் பொறுத்து மட்டமும் மாறும்.

எல்லாவற்றையும்விட எமன், குளிர். சில்லிட்ட நீரில் விழுந்ததுமே மூச்சு வாங்கும். அப்போது வாய் நீருக்குள் இருந்தால் ஆபத்து. சிறிது நேரத்தில் விரல்கள் மரத்துவிடும். வீசிய கயிறு கைக்கெட்டினாலும் பிடிக்க முடியாது. நீச்சல் வீரருக்கும் இதே கதிதான்.

அதற்குத்தான் குழு. முன்னால் ஓர் அனுபவசாலி, கடைசியில் இன்னொருவர், நடுவில் புதியவர்கள். 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்று பெயர் சூட்டப்பட்ட நீர்ச்சுழிப்புகளில் ஒருவர் இறங்கிய பிறகே அடுத்தவர். கவிழ்ந்தவர் படகின் அடிப்பாகத்தைத் தட்டினால், பக்கத்தில் இருப்பவர் தன் படகின் மூக்கை அவர் கையருகே கொண்டுவருவார். அதைப் பிடித்து நிமிரலாம். முடியாவிட்டால் விரிப்பின் வளையத்தை இழுத்து வெளியேற வேண்டியதுதான். கயிற்றுப் பையோடு கரையில் ஒருவர் தயாராக நிற்பார்.

ராஃப்டிலிருந்து விழுகிறவர்களை மீட்கக் கயாக்கில் கூடவே வரும் காவலர்களில் கங்கைக் கரைக் கிராமத்து இளைஞர்களும் உண்டு. மற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு, இவர்களுக்குப் பிழைப்பு. நல்ல குழுவில் இவர்கள் சொல்தான் சட்டம். ஒருவர் கை மரத்துவிட்டதென்றால் எல்லோரும் கரையேறுகிறார்கள்.

கரையில் சுடச்சுட டீ. யார் எத்தனை முறை கவிழ்ந்தார் என்று கிண்டல். ஆனால் மூத்தவர் எண்ணுவது வேறு: புறப்பட்டவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேர் கையிலும் டீ கிளாஸ் இருக்கிறதா?