ஜீப் வாங்கப் போகிறீர்களா? முதலில் இயந்திரத்தைத் தெரிவு செய்யுங்கள்

யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறைக்கு இயந்திரம் பற்றிப் புதிதாக எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1990 ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது, சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டி, புகை கக்கக் கக்க நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றவர்கள் எம்மிடையே இன்றும் இருக்கின்றனர். அந்தப் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் கொடுத்ததைக் குடித்தன. கிடைத்த பாதையில் ஓடின. இன்றைய இயந்திரங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. தமக்கு ஒவ்வாத எரிபொருளை மட்டுமன்றி, தமக்கு ஒவ்வாத பாதையையும் அவை பொறுத்துக்கொள்வதில்லை.

அவுஸ்திரேலியாவில் வாழும் எம்மவரிடையே அண்மைக்காலமாக நான்கு சில்லுகளும் இழுக்கும் வாகனங்களின்மேல் நாட்டம் பெருகி வருகிறது. நாம் ஊர்வழக்கில் 'ஜீப்' என்று சொல்வோமே, அவைதாம். ஷெவ் விசாவின் நிபந்தனையால் நகரங்களை விட்டுப் பழத்தோட்டங்களுக்கும் இறைச்சித் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் சென்று, அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களுக்கு அது ஒரு தேவை. 2023 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிரந்தர விசாவுக்கு வழி திறந்தபின், வாழ்வில் முதன்முறையாகப் புதிய வாகனம் ஒன்று வாங்க எண்ணும் நகரவாசிகளுக்கோ அது ஒரு கனவு. தேவையானாலும் கனவானாலும் மாதாந்தக் கடன் ஒன்றே. ஆகையால் கையெழுத்திடுமுன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்.

அந்தக் கேள்வியைச் சென்ற மாதம் ஷெப்பார்ட்டனிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் என்னிடம் கேட்டார்.

"அண்ணை, டீசலிலை எடுக்கட்டோ, பெற்றோலிலை எடுக்கட்டோ? ஊரிலை லொறி, உழவு மெசின் எல்லாம் டீசல்தானே. அதுதானே பலம்?"

"தம்பி, அதை விடும். கிழமையிலை அஞ்சு நாளும் உம்மடை வாகனம் எங்கை ஓடப்போகுது? அதை முதல் சொல்லும்."

இயந்திரத் தெரிவில் பெரும்பாலோர் இடறும் இடம் இதுவே. ஞாயிற்றுக்கிழமை ஏறப்போகும் மலையையும் கடற்கரை மணலையும் மனத்தில் வைத்து இயந்திரத்தைத் தெரிவு செய்கிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை ஓடும் பாதையை எண்ணிப் பார்ப்பதில்லை.

டீசல் பலமானது என்பதில் ஐயமில்லை. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை மிக இறுக்கமாக அமுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டில் எரிபொருளைப் பீய்ச்சி எரிய வைக்கிறது. ஒரு லீற்றர் டீசலில் உள்ள சக்தி ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதைவிட நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் முழு முறுக்குவிசை மெதுவான சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. சேற்றிலும் பாறையிலும் ஆக்சிலேற்றரை ஓங்கி மிதியாமல் ஊர்ந்து செல்வதற்கு வேண்டியது அந்த விசைதான். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் குதிரைவலு அன்று.

பெரிய இயந்திரமே பலமான இயந்திரம் என்ற எண்ணமும் காலங்கடந்தது. ரொயோட்டா லாண்ட்குறூசர் 70 இதற்கு நல்ல சான்று. அதன் 4.5 லீற்றர் எட்டு உருளை டீசல் இயந்திரத்தின் முறுக்குவிசை 430 நியூட்டன் மீற்றர். 2023 இறுதியில் அதே வாகனத்துக்கு 2.8 லீற்றர் நான்கு உருளை இயந்திரம் ஒன்றைத் தானியங்கிக் கியருடன் கொண்டுவந்தார்கள். பாதையோரத் தேநீர்க் கடை வரை சிரிப்பு எழுந்தது. ஆனால் சிறியதன் முறுக்குவிசை 500 நியூட்டன் மீற்றர். அதுவும் நிமிடத்துக்கு 1,600 சுழற்சியிலிருந்தே. வலுவும் ஏறத்தாழச் சமன்: ஒன்று 151 கிலோவாற், மற்றது 150. மறு ஆண்டே எட்டு உருளையின் உற்பத்தி நின்றுவிட்டது. அதன் ஓசையை இழந்ததற்காக இன்றும் வருந்துவோர் உளர். ஓசைக்கு மாதக்கட்டணம் கட்ட நம்மால் இயலாது.

இனி டீசலின் மறுபக்கம். புதிய டீசல் வாகனங்களின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. நெடுஞ்சாலையில் இடைவிடாது இருபது நிமிடமளவில் ஓடினால் அந்த வேலை தடையின்றி நடக்கும். பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றர், அங்கிருந்து கடைக்கு இரண்டு, மீண்டும் வீடு என்று ஓடினால் இயந்திரம் சூடாவதற்குள்ளேயே நிறுத்தப்பட்டுவிடும். கரி சேரும், எரியாது. எரிக்க முயன்று பாதியில் நின்ற டீசல் இயந்திர எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். பின்னர் மஞ்சள் விளக்கு. அதன் பின்னர் வாகனம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

மெல்பேணின் மேற்குப் புறநகரில் வாழும் நண்பர் ஒருவரின் அனுபவத்தை இங்கே குறிப்பிட வேண்டும். இரவு வேலையும் மேலதிக வேலையும் செய்து சேர்த்த பணத்தை முற்பணமாகக் கட்டி, ஏழு பேர் இருக்கக்கூடிய டீசல் ஜீப் ஒன்றை வாங்கினார். அவர் வேலைக்குச் செல்வது ரயிலில். வாகனத்தை ஓட்டியவர் மனைவி: பாடசாலை, கோயில், தமிழ் வகுப்பு, கடை. பதினெட்டு மாதத்தில் வடிகட்டி அடைத்துவிட்டது. பழுதன்று, ஓட்டிய முறையின் விளைவு என்று சொல்லி உத்தரவாதத்தை மறுத்துவிட்டனர். விற்றவர் ஓட்டும் தூரத்தைக் கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை. இன்றும் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜீலோங் வீதியில் சும்மா ஓடிவிட்டு வருகிறார், கரியை எரிப்பதற்காக. பிள்ளைகள் அதை உல்லாசப் பயணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வடிகட்டியோடு கணக்கு முடிந்துவிடுவதுமில்லை. 2025 டிசம்பரிலிருந்து புதிதாக அனுமதி பெறும் மாதிரிகளுக்கு அவுஸ்திரேலியாவில் யூரோ 6 தரத்திலான கடுமையான புகைவிதி நடைமுறைக்கு வந்துள்ளது; 2028 ஜூலையிலிருந்து புதிய இலகு வாகனங்கள் யாவும் அதற்குள் அடங்கும். இதனால் டீசல் வாகனங்கள் பலவற்றில் 'அட்புளூ' என்னும் யூரியாக் கரைசலையும் ஊற்றவேண்டியுள்ளது. அது தீர்ந்துபோனால், நிறுத்திய இயந்திரம் மீண்டும் இயங்காது. 2021 இறுதியில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது அதற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு லொறிக்காரர்கள் பட்ட அவதி பலருக்கு நினைவிருக்கும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 இல் வகைப்படுத்தியதையும் சொல்லாமல் விடலாகாது. வடிகட்டி நமக்குத் தொல்லைதான். ஆனால் பிள்ளைகளின் சுவாசத்துக்கு அது காவல். அதைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று மறைவில் யோசனை சொல்வோரின் பேச்சைக் கேட்க வேண்டாம். அது சட்டவிரோதமும் ஆகும்.

"எரிபொருளில் மிச்சம் பிடிக்கலாமே" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோமீற்றருக்கு டீசல் 9 லீற்றரும் பெற்றோல் 11 லீற்றரும் செலவாகுமாயின், ஆண்டு முழுவதற்கும் வேறுபாடு 240 லீற்றர். லீற்றர் இரண்டு டொலர் என்று வைத்தால் 480 டொலர். டீசல் வாகனத்தின் விலை 4,000 டொலர் கூடுதலாக இருந்தால், அந்தப் பணத்தை மீட்க எட்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லும். லீற்றர் விலை டீசலுக்குக் கூடுதலாக இருக்கும் வாரங்களில் அந்த மிச்சமும் சுருங்கும். இதே குடும்பம் ஆண்டுக்கு 35,000 கிலோமீற்றர் ஓடினால் விடை மாறிவிடும். ஆகவே விற்பனையாளரின் கணக்கை விட்டுவிட்டு, உங்கள் பழைய வாகனத்தின் கிலோமீற்றர் எண்ணையும் சேவிஸ் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள்.

குறுந்தூரம் ஓடுவோருக்குப் பெற்றோல் ஏற்றது. விரைவில் சூடாகும், பராமரிப்பு எளிது. மணலில் வாகனத்தின் பாரம் குறைவாக இருப்பதும் பெரும் நன்மை. சுசுக்கி ஜிம்னியின் 1.5 லீற்றர் பெற்றோல் இயந்திரம் 75 கிலோவாற், 130 நியூட்டன் மீற்றர் மட்டுமே தருகிறது. எனினும் மூன்று கதவு ஜிம்னி ஏறத்தாழ 1.1 தொன்தான், ஆதலால் இரண்டு தொன்னைத் தாண்டிய வாகனங்கள் புதையும் இடத்திலும் அது தப்பிவிடும். குறை என்னவெனில் நான்கு பேருக்கே இருக்கை. மறுமுனையில், 2013 முதல் இங்கே விற்கப்பட்ட நிசான் பட்றோலின் 5.6 லீற்றர் பெற்றோல் இயந்திரம் நூறு கிலோமீற்றருக்கு 14.4 லீற்றர் குடிக்கும் என்று நிறுவனக் கணக்கே சொல்கிறது. பாரம் இழுத்தால் அதற்கு மேல். அதற்கு வேண்டிய உயர்தரப் பெற்றோல் உள்நாட்டில் எல்லா இடத்திலும் கிடைப்பதுமில்லை. ஒதுக்குப்புறமான பழங்குடி மக்களின் ஊர்கள் பலவற்றில், பெற்றோல் முகரும் தீமையைத் தடுப்பதற்காக, 2005 முதல் வந்த ஓப்பல் எனப்படும் அரோமாட்டிக் சேர்மங்கள் குறைந்த பெற்றோலும் டீசலும் மட்டுமே விற்கப்படுகின்றன. நெடும்பயணம் போவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது மூன்றாவது வழி ஒன்றும் பிறந்துள்ளது. புதிய வாகனங்களின் கரியமில வாயுவைக் குறைக்கும் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின், மின்னிலும் பெற்றோலிலும் ஓடும் கலப்பு வாகனங்களின் வரவு கூடியிருக்கிறது. 2024 இறுதியில் வந்த பி.வை.டி. ஷார்க் 6 அவற்றுள் ஒன்று. வீட்டில் மின்னேற்றினால் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வரை பெற்றோல் இன்றி ஓடும் என்பது நிறுவனத்தின் சோதனைக் கணக்கு, நடைமுறையில் குறையும். பாடசாலைக்கும் கடைக்கும் அது தாராளம். எனினும் அதற்கு மந்தகதிக் கியர் இல்லை. இழுக்கும் பாரம் 2,500 கிலோ. டீசல் பிக்கப் பலவற்றுக்கு 3,500. வாடகை மாடிவீட்டில், மின்னேற்ற இடமில்லாமல் வாழ்பவருக்கு அந்த மின்கலம் வெறும் சுமையே. புல்வெட்டும் தொழில் செய்து றெயிலர் இழுப்பவர், தம் றெயிலரின் பாரத்தை முதலில் நிறுத்துப் பார்க்கட்டும்.

எதை வாங்கினாலும் சில எச்சரிக்கைகள். வடிகட்டி எரியும் வேளையில் புகைக்குழாய் கடுஞ்சூடாக இருக்கும். காய்ந்த புல்லின்மேல் நிறுத்தினால் தீப்பற்றும். மெல்பேணில் டீசல் நிரப்பிக்கொண்டு பனிமலைக்குச் சென்றால், இரவுக் குளிரில் அது மெழுகாக உறையும். மலையடிவாரத்தில் அல்பைன் டீசல் நிரப்புங்கள். டீசல் வாகனத்துக்குத் தவறுதலாகப் பெற்றோல் அடித்துவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். இந்த இயந்திரங்களில் எரிபொருள் வளிமண்டல அழுத்தத்தின் 2,000 மடங்களவில் பீய்ச்சப்படுகிறது. டீசலின் வழுவழுப்பு இல்லாவிட்டால் பம்பி தேய்ந்து, உலோகத்தூள் முழு அமைப்புக்கும் பரவும். மண்ணெண்ணெய்க் காலத்துச் சாகசங்களுக்கு இங்கே இடமில்லை.

ஷெப்பார்ட்டன் இளைஞர் என் கேள்விக்கு விடை சொன்னார். வீட்டிலிருந்து தோட்டத்துக்கு 45 கிலோமீற்றர். அதில் கடைசி ஆறு கிலோமீற்றர் மழைக்குச் சேறாகும் மண்பாதை. அறுவடைக் காலத்தில் வேறு மூவரையும் ஏற்றிச் செல்வார். அவருக்கு டீசல் பொருந்தும் என்றேன். நான்கு உருளையே போதும் என்பதையும் சொன்னேன். மேற்கு மெல்பேண் நண்பருக்குத் தொல்லையான அதே வகை இயந்திரம் இவருடைய பாதையில் தடையின்றி ஓடும்.

"மனுசியும் லைசென்ஸ் எடுக்கிறா அண்ணை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடோணும்."

பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். நடந்துபோகும் தூரமாம். மனைவிக்குச் சிறிய பழைய பெற்றோல் கார் ஒன்றை வைத்திருக்கச் சொன்னேன். வடிகட்டி அடைத்தால் உத்தரவாதம் உண்டா, எந்தெந்த நிபந்தனையில் உண்டு என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கச் சொன்னேன். வருகிற சனிக்கிழமை கேட்கப் போகிறார்.