மோட்டார்ஹோம் பயணம்: எரிவாயு கசிந்தால் சன்னலைத் திறந்தால் போதுமா?

ஜூன் விடுமுறைக்கு நியூஸிலந்து போறீங்களா? மோட்டார்ஹோம் எடுத்து, ஏரிக்கரையில் நிறுத்தி, உள்ளேயே சமைத்துச் சாப்பிடும் திட்டமா?

செலவைக் குறைக்கச் சிலர் 15, 20 ஆண்டு பழைய வண்டியை எடுப்பதுண்டு. டயர், காப்புறுதி பற்றியெல்லாம் விசாரிப்பார்கள். அடுப்புக்கு வரும் எரிவாயுவைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

அந்த எரிவாயு பெரும்பாலும் புரொப்பேன். குளிரில் பியூட்டேன் 0 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே ஆவியாகாமல் நின்றுவிடும். புரொப்பேன் உறைபனியிலும் வேலை செய்யும்.

வீட்டு எரிவாயுவிலிருந்து எப்படி மாறுபடுகிறது?

சிங்கப்பூரில் பல வீவக வீடுகளுக்குக் குழாயில் வரும் எரிவாயுவில் ஹைட்ரஜன் அதிகம். அது காற்றைவிட லேசானது. கசிந்தால் மேலே எழும், சன்னல் வழியாக வெளியேறும்.

புரொப்பேன் அப்படியில்லை. அது காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனமானது. தரையில் தண்ணீர்போல் பரவி, இருக்கைக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் தேங்கும். சன்னலை மட்டும் திறந்தால் போகாது.

காற்றில் அதன் அளவு 2 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டினாலே தீப்பிடிக்கலாம். குளிருக்குக் கதவை மூடிய சின்ன வண்டியில் அந்த அளவு சீக்கிரமே வந்துவிடும்.

வாடை வருமே?

வரும். புரொப்பேனுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிவு தெரிவதற்காக எத்தில் மெர்காப்டன் எனும் ரசாயனம் சேர்க்கப்படுகிறது. ஆனா தூங்கும்போதும் சளி பிடித்திருக்கும்போதும் மூக்கை நம்ப முடியாது. கொஞ்ச நேரத்தில் மூக்கு அந்த வாடைக்குப் பழகியும் விடும்.

அதனால்தான் கசிவை உணரும் கருவியைத் தரைக்கு அருகில் பொருத்துகிறார்கள். அதன் ஆயுள் பொதுவாக 5 முதல் 7 ஆண்டு. 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் சத்தம் வரும். ஆனால் உள்ளே இருக்கும் உணர்கருவி நன்றாக இருக்கிறது என்பதற்கு அது ஆதாரமல்ல. கருவியில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள்.

பழைய வண்டியில் ஏன் கூடுதல் ஆபத்து?

- ஓட்டத்தில் வண்டி அதிர்கிறது. ஆண்டுக் கணக்கில் அதிர்ந்தால் குழாய் இணைப்புகள் தளரும்.
- ரப்பர் குழாய் காய்ந்து வெடிக்கும்.
- எரிவாயுவில் ஓடும் குளிர்பதனப் பெட்டியின் பின்புறம் சிறு தீ எரிந்துகொண்டிருக்கும். 2006இல் டொமெட்டிக் நிறுவனம் தீ அபாயத்தால் அமெரிக்காவில் 900,000க்கும் மேற்பட்ட பழைய பெட்டிகளைச் சரிசெய்வதற்காகத் திரும்ப அழைத்தது.
- கசிந்த எரிவாயு வெளியேறத் தரையில் துளைகள் இருக்கும். குளிர் வராமலிருக்க யாராவது அவற்றைக் கம்பளத்தால் மூடியிருக்கலாம்.

வண்டியைப் பெறும்போது என்ன பார்க்கணும்?

1. கலனின் வால்வு எங்கே, எப்படி மூடுவது என்று செய்து காட்டச் சொல்லுங்கள்.
2. கலனில் பொறித்த சோதனைத் தேதியைப் பாருங்கள். நியூஸிலந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 10 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்.
3. இணைப்புகளில் சவர்க்கார நீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியால் சோதிக்கவே கூடாது.
4. தீயணைப்பான் வாசலுக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பயணத்தின்போது?

வண்டி ஓடும்போது கலனை மூடி வையுங்கள். பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையுமுன் எல்லாத் தீயும் அணைந்திருக்கணும். வெலிங்டனிலிருந்து பிக்டனுக்குப் படகில் ஏறுமுன்னும் கலனை மூட வேண்டும்.

அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை.

வாடை வந்துவிட்டால்?

- எரியும் அடுப்பை அணையுங்கள். விளக்கு, விசிறி, தண்ணீர்க் குழாய் எதையும் தொடாதீர்கள். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் தீப்பொறி வரலாம். குழாயைத் திறந்தால் மின்பம்பு ஓடும்.
- எஞ்சினை முடுக்காதீர்கள்.
- எல்லாரையும் வெளியேற்றுங்கள். கதவைத் திறந்தே விடுங்கள், கீழே தேங்கியது அந்த வழியாகத்தான் இறங்கும்.
- வெளியிலிருந்து கலனை மூடுங்கள். தீ தெரிந்தால் அருகில் போக வேண்டாம்.
- தூரம் போன பிறகு கைத்தொலைபேசியை எடுங்கள். நியூஸிலந்தில் 111, ஆஸ்திரேலியாவில் 000.

பைகளைத் தேட உள்ளே திரும்பாதீர்கள். கடப்பிதழை மறுபடி வாங்கிக்கலாம்.